யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் பெங்களூரு நிறுவனத்தின் கலப்பு மின் திட்டம்: டீசலை மட்டும் நம்பிய நிலை மாறுமா?

பெங்களூரு: இலங்கையின் வட பகுதியில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய கடலில் அமைந்துள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் அந்நாட்டின் தேசிய மின்தொகுப்புடன் இணைக்கப்படாதவை. அங்கு ஒரு விளக்கு எரிய வேண்டுமானால் முதலில் ஒரு படகு வந்து சேர வேண்டும். அந்தப் படகில் டீசல் இருக்க வேண்டும். இந்த நிலையை மாற்றுவதற்கான பணி, பெங்களூருவைச் சேர்ந்த 'யூ-சோலார் கிளீன் எனர்ஜி சொல்யூஷன்ஸ்' நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இதற்கான ஒப்பந்தம் இலங்கை நிலைபேறான வலுசக்தி அதிகார சபைக்கும் அந்த நிறுவனத்திற்கும் இடையே 2024 மார்ச் 1 அன்று கொழும்பில் கையெழுத்தானது. இந்திய அரசு 1.1 கோடி அமெரிக்க டாலரை இத்திட்டத்திற்கு வழங்குகிறது. இது கடன் அன்று, மானியம். சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகிய நான்கையும் ஒரே கட்டமைப்பில் இணைத்து மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்குவது இதன் நோக்கம்.

சில ஆயிரம் பேர் வாழும் சிறு தீவுகளுக்கான திட்டம் என்றாலும், புயலுக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டிற்கும் அஞ்சி வாழும் எல்லாக் கடலோர ஊர்களுக்கும் இதில் பாடம் உள்ளது. வேதாரண்யம் முதல் லட்சத்தீவு வரை அதே கேள்வியே எழுகிறது: பெரிய மின்தொகுப்பின் கடைக்கோடியிலோ அதற்கு வெளியிலோ இருக்கும் மக்களுக்கு மின்சாரம் அறுந்துபோகாமல் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

'மீள்திறன்' என்றால் என்ன?

மின்சாரம் ஒருபோதும் நிற்காது என்று எந்த ஊருக்கும் உறுதி கூற இயலாது. நின்றபின் எவ்வளவு விரைவில் திரும்புகிறது, திரும்பும்வரை எவை தடையின்றி இயங்குகின்றன என்பவையே ஒரு ஊரின் ஆற்றல் மீள்திறனை அளக்கும் அளவுகோல்கள்.

பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் நீலசந்திரா போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு மின்மாற்றி பழுதடைந்தால், பக்கத்து வழித்தடத்திலிருந்து மின்சாரத்தைத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. பழுது நீக்கும் ஊழியர்கள் சாலை வழியாக வந்துவிடுவர். மாற்று உதிரிபாகம் அதே நகரின் கிடங்கில் இருக்கும். ஒரு மின் நிலையம் நின்றாலும், நாடு முழுவதும் பரவியுள்ள பிற நிலையங்கள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

தீவில் இவற்றுள் எதுவும் இல்லை. அண்டை வழித்தடம் கிடையாது. உதிரிபாகம் கடல் கடந்து வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகுப் போக்குவரத்து நிற்கும். எரிபொருளும் பழுது நீக்குபவரும் ஒரே நேரத்தில் தடைபடுவர். மின்சாரம் மிகவும் தேவைப்படும் புயல் நாள்களில்தான் அது கிடைக்காமல் போகும் அபாயமும் மிகுதி.

மூன்று தீவுகளின் நிலை

மூன்றில் பெரியது நெடுந்தீவு. பவளக்கல் மதில்களும், கட்டாக்காலிக் குதிரைகளும், பனைகளும் நிறைந்த இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். புங்குடுதீவை அடுத்த குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருப்பதால் திருவிழாக் காலங்களில் மக்கள்தொகை பல மடங்கு பெருகும். அனலைதீவு விவசாயமும் மீன்பிடியும் சார்ந்த சிறு தீவு.

இங்கு மின்சாரம் என்பது டீசல் ஜெனரேட்டர்களின் மின்சாரம். ஒரு லிட்டர் டீசலில் பொதுவாக 3 முதல் 4 யூனிட் மின்சாரமே கிடைக்கும். டீசலின் விலையோடு அதைப் படகில் ஏற்றி இறக்கும் செலவும் சேர்வதால், ஒரு யூனிட்டின் அடக்கவிலை பெருநிலத்தைவிடப் பன்மடங்கு உயர்கிறது.

இந்தச் சார்பின் ஆபத்தை 2022-ஆம் ஆண்டு வெளிப்படையாகக் காட்டியது. அந்நியச் செலாவணி தீர்ந்து இலங்கை எரிபொருள் வாங்க வழியின்றித் தவித்தபோது, மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. நீர்மின் நிலையங்களும் அனல்மின் நிலையங்களும் உள்ள பெருநிலத்திற்கே அந்தக் கதி என்றால், டீசலைத் தவிர வேறு வழியில்லாத தீவுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தீவுகளின் கலப்பு மின் திட்டத்திற்கான இந்திய-இலங்கைப் புரிந்துணர்வு ஒப்பந்தமும் அதே வாரத்தில், 2022 மார்ச் 28 அன்று, கையெழுத்தானது.

நான்கும் எவ்வாறு சேர்ந்து இயங்கும்?

திட்டத்தின்படி மூன்று தீவுகளிலும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்திறன், 530 கிலோவாட் காற்றாலைத் திறன், 2,400 கிலோவாட்-மணி மின்கலச் சேமிப்பு, 2,500 கிலோவாட் காத்திருப்பு டீசல் திறன் ஆகியவை அமைக்கப்படும். இந்த நான்கிற்கும் தனித்தனிப் பணி உண்டு.

சூரிய மின்தகடுகள் பகல் நேரத் தேவையை ஏற்கும். நடுப்பகலில் உற்பத்தி தேவையை மிஞ்சும்போது, எஞ்சியது மின்கலத்தில் சேரும். வெயில் சாய்ந்து வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் இயங்கத் தொடங்கும் மாலையில், அந்தச் சேமிப்பு திறக்கப்படும்.

காற்று இரவிலும் வீசும் என்பது அதன் முதல் பயன். பருவத்தில் அது வெயிலுக்குத் துணையாக அமையும் என்பது இரண்டாவது. யாழ்ப்பாண மக்கள் 'சோளகம்' என்று அழைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை வலுவாக வீசும். 'வாடை' எனப்படும் வடகிழக்குப் பருவக்காற்று மழையையும் மேகத்தையும் கொண்டுவரும். மேகம் மூடிய அந்த நாள்களில் சூரிய மின் உற்பத்தி குறையும்போது, வாடைக் காற்று ஓரளவு ஈடுசெய்யும். பாய்மரம் விரித்த காலத்திலிருந்து தீவு மக்கள் அறிந்துவைத்துள்ள இந்தப் பருவ ஒழுங்கே கலப்பு மின் திட்டத்தின் அடிப்படைக் கணக்கு.

மின்கலத்திற்குச் சேமிப்பைத் தவிர இன்னொரு பணியும் உண்டு. மின்கட்டமைப்பு சீராக இயங்க, அதன் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்ற அளவில் நிலையாக இருக்க வேண்டும். பெரிய மின்தொகுப்பில் நூற்றுக்கணக்கான சுழலும் இயந்திரங்கள் அந்தத் தாளத்தைக் காக்கும். சிறு தீவில் ஒரு மேகம் கடந்தாலே உற்பத்தி சில நொடிகளில் சரியும். அப்போது இமைப்பொழுதில் மின்சாரத்தைக் கூட்டியோ குறைத்தோ தாளம் தவறாமல் காப்பவை மின்கலமும் அதனுடன் இணைந்த இன்வெர்ட்டர்களும்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

இப்பகுதியின் வெயிலில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும் என்பது பொதுவான நடைமுறைக் கணக்கு. அதன்படி 1,700 கிலோவாட் திறன் ஒரு நல்ல நாளில் 6,800 யூனிட் வரை தரலாம். 530 கிலோவாட் காற்றாலைகள் ஆண்டுச் சராசரியில் தம் முழுத் திறனில் நான்கில் ஒரு பங்கு இயங்கினாலும் நாளொன்றுக்கு 3,000 யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 யூனிட்.

இதே அளவு மின்சாரத்தை டீசலில் எடுத்தால், லிட்டருக்கு 3.3 யூனிட் என்ற விகிதத்தில் 3,000 லிட்டர் தேவைப்படும். உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் பயன்பாட்டிற்கு வந்துவிடாது என்பதால் உண்மையான மிச்சம் இதைவிடக் குறையும். ஆயினும் படகில் ஏற்ற வேண்டிய பீப்பாய்கள் எவ்வளவு குறையும் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

மின்கலத்தின் கணக்கும் கவனிக்கத்தக்கது. மின்கலத்தை முழுவதும் வடித்துவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே 2,400 யூனிட் கொள்ளளவில் 2,000 யூனிட்டைப் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு இரவில் 2 யூனிட் எடுத்தால், 1,000 வீடுகளுக்கு அது ஓர் இரவுக்கான மின்சாரம். இரண்டு நாள் தொடர்ந்து வானம் மூடிக் காற்றும் அடங்கினால் சேமிப்பு தீர்ந்துவிடும்.

அப்படியானால் டீசல் ஏன் வேண்டும்?

தூய ஆற்றல் திட்டத்தில் 2,500 கிலோவாட் டீசல் திறன் இடம்பெற்றிருப்பது முரணாகத் தோன்றலாம். மேற்கண்ட கணக்கே அதற்கு விடை தருகிறது. ஆண்டில் சில நாள்களே வரும் நீண்ட மேகமூட்டத்தைச் சமாளிக்க மின்கலத்தை இரண்டு மூன்று மடங்கு பெருக்கினால், ஆண்டின் பெரும்பகுதி அது பயனின்றிக் கிடக்கும். அந்தச் சில நாள்களுக்கு ஜெனரேட்டரை இயக்குவது செலவில் சிக்கனம்.

நாள்தோறும் உழைத்த டீசல் இயந்திரம் அவசரகாலக் காவலாளாக மாறுகிறது என்பதே இங்கு நிகழும் மாற்றம். டீசல் இயந்திரங்களை அவற்றின் திறனில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓட்டினால் எரிபொருள் வீணாகும், இயந்திரமும் பழுதாகும். மின்கலம் துணையிருந்தால், ஜெனரேட்டரைத் தேவையானபோது மட்டும் நல்ல சுமையில் சில மணி நேரம் ஓட்டி நிறுத்திவிடலாம். தீவில் இருப்பு வைத்திருக்கும் டீசல், முன்பு சில நாள்களில் தீர்ந்ததற்கு மாறாக, பல வாரங்களுக்கு வரும். கடல் மூடிக் கிடக்கும் நாள்களில் உயிர்காப்பது அந்த இருப்பே.

யாழ்ப்பாணத் தீவுகளுக்கு இந்த முறை முற்றிலும் புதியதும் அன்று. அருகிலுள்ள எழுவைதீவில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்த சிறு முன்னோடித் திட்டம் ஏற்கெனவே அமைக்கப்பட்டது.

ஒப்பந்தம் வரும்வரை மூன்று ஆண்டுகள்

இத்திட்டத்தின் வரலாற்றில் பொறியியலைவிட அரசியலே நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில் இதே மூன்று தீவுகளில் கலப்பு மின் நிலையங்களை அமைக்கும் பணியைச் சீனாவின் சினோசோர்-எடெக்வின் கூட்டு நிறுவனத்திற்கு வழங்க இலங்கை அமைச்சரவை 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. இத்தீவுகள் ராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதைச் சுட்டிக்காட்டி இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. கடனுக்கு மாற்றாக மானியம் தருவதாகவும் முன்வந்தது.

2021 டிசம்பரில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. மாலத்தீவில் 12 தீவுகளில் சூரிய மின் நிலையங்களை அமைக்க அதே நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டதாகவும் அது தெரிவித்தது. பின்னர் 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தமும், 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனத்துடன் பணி ஒப்பந்தமும் கையெழுத்தாயின.

அமைச்சரவை ஒப்புதலுக்கும் பணி ஒப்பந்தத்திற்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இரு நாடுகளின் பாதுகாப்புக் கவலைக்கு அதனளவில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில்தான் இலங்கையின் எரிபொருள் நெருக்கடி வந்தது. பேரரசுகளின் கணக்கு முடியும்வரை தீவு மக்கள் டீசலுக்குக் காத்திருந்தனர். தொலைதூரச் சமூகங்களுக்கான ஆற்றல் திட்டங்களில் காலதாமதமும் ஒரு செலவு என்பதையும், அதைச் செலுத்துபவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இருப்பதில்லை என்பதையும் இது நினைவூட்டுகிறது.

உப்புக் காற்றும் புயலும்

கடலோர மின் கட்டமைப்பிற்கு அன்றாடப் பகை உப்பு. கடற்காற்றில் மிதக்கும் உப்புத்துகள் இரும்புத் தாங்கிகளை அரிக்கும், மின் இணைப்புகளில் படிந்து கசிவை உண்டாக்கும், மின்தகடுகளின் மீது படலமாகப் படிந்து உற்பத்தியைக் குறைக்கும். இதனால் கடலோரத்தில் அமைக்கும் மின்தகடுகள், ஐஇசி 61701 என்ற சர்வதேசத் தரத்தின்படி உப்புமூட்டச் சோதனையில் தேறியவையாக இருப்பது அவசியம். தாங்கிகளுக்குத் தடித்த துத்தநாகப் பூச்சு வேண்டும். கழுவுவதற்கு நன்னீர் வேண்டும். குடிநீருக்கே தட்டுப்பாடு உள்ள நெடுந்தீவில் இது சிறிய கேள்வி அன்று.

ஆண்டுக்கொரு முறை அச்சுறுத்தும் பகை புயல். பாக் நீரிணையின் மறுகரையில் அதன் வலிமையைத் தமிழகம் அறியும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பிற மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்து இரவுபகலாகப் பணியாற்றியும், உட்கிராமங்கள் பலவற்றிற்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அங்கு மின் உற்பத்தியில் குறைவில்லை. உற்பத்தியான மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் கம்பிதான் அறுந்துகிடந்தது.

இதற்குத் தமிழகம் கண்ட விடைகளுள் ஒன்று புதைவடம். உலக வங்கியின் உதவியுடன் நிறைவேற்றப்பட்ட கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய நகரங்களில் மின்கம்பிகளை நிலத்தடிக்கு மாற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. ஆனால் வீடுகள் சிதறிக் கிடக்கும் உட்கிராமங்கள் அனைத்திற்கும் புதைவடம் கொண்டுசெல்வது பெருஞ்செலவு.

அங்குதான் உள்ளூர் உற்பத்தி கைகொடுக்கும். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்தொகுப்பை முற்றிலும் வீழ்த்தியது. கடைசி வீட்டிற்கு மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அட்ஹுந்தாஸ் என்ற மலை நகரில் 'காசா புவெப்லோ' என்ற மக்கள் அமைப்பின் கட்டடம் மட்டும் கூரையிலிருந்த சூரிய மின்தகடுகளால் ஒளிர்ந்தது. மருத்துவக் கருவிகளை இயக்கவும் கைப்பேசிகளை மின்னேற்றவும் மக்கள் அங்கு திரண்டனர்.

ஊருக்கொரு புயல் பாதுகாப்பு மையம், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு குடிநீர்த் தொட்டியின் மோட்டார் ஆகியவற்றிற்கு மட்டுமேனும் தனித்த சூரிய மின்சாரமும் மின்கலமும் இருந்தால், கம்பங்கள் நிமிரும்வரை ஊர் தாக்குப்பிடிக்கும். எல்லாவற்றையும் காக்க இயலாதபோது எவற்றை முதலில் காக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவைப்பதும் மீள்திறனின் ஒரு பகுதியே.

காற்றாலைக்குப் புயல் இருமுனைக் கத்தி. அளவான காற்று மின்சாரம் தரும், அளவு மீறினால் இயந்திரத்தையே சாய்த்துவிடும். பசிபிக் தீவுகள் சிலவற்றில், புயல் எச்சரிக்கை வந்ததும் தரையில் படுக்கவைத்துப் பின் நிமிர்த்தக்கூடிய சிறு காற்றாலைகள் பயன்படுத்தப்படுகின்றன. பெரும் பாரந்தூக்கிகளைக் கொண்டுசெல்ல இயலாத தீவுகளுக்கு இத்தகைய வடிவமைப்பு பொருத்தமானது.

தர்நாய் தரும் எச்சரிக்கை

சூரிய மின்தகடுகளை நிறுவுவதோடு பணி முடிந்துவிடாது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. பிகார் மாநிலத்தின் தர்நாய் கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பின் முன்முயற்சியில் 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருளில் கிடந்த ஊர் ஒளி பெற்றதாக நாடெங்கும் அது பேசப்பட்டது. விரைவிலேயே அரசின் மின்தொகுப்பும் ஊரை எட்டியது. அதன் கட்டணம் குறைவாக இருந்தது. குளிர்பதனப் பெட்டி போன்ற கூடுதல் மின்சாரம் கேட்கும் சாதனங்களையும் அதில் இயக்க முடிந்தது. சில ஆண்டுகளில் மின்கலங்கள் செயலிழந்தன. மாற்றுவதற்கு நிதி இல்லை. நிலையம் முடங்கியது.

மின்தகடு 25 ஆண்டு உழைக்கும். இன்வெர்ட்டருக்கு அதில் பாதி ஆயுளே உண்டு. மின்கலத்தை அதன் வகைக்கேற்ப 4 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிவரும். ஆகவே தொடக்க விழா நாளிலேயே மாற்றுச் செலவுக்கான நிதி ஒதுக்கப்படாவிட்டால், எந்தத் திட்டமும் தன் முதல் மின்கலத்தின் ஆயுளைத் தாண்டாது. மானியத்தில் வரும் திட்டங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கொடுத்தவர் கணக்கை முடித்துச் சென்றபின், பராமரிப்புச் செலவு யாருடைய வரவுசெலவுத் திட்டத்திலும் இடம்பெறாமல் போகக்கூடும்.

பெங்களூருவின் சொந்த அனுபவம் இங்கு பயன்படும். 1995-இல் ஹரீஷ் ஹண்டே உள்ளிட்டோரால் இந்நகரில் தொடங்கப்பட்ட 'செல்கோ' நிறுவனம், கர்நாடகத்தின் மலை, கடலோரக் கிராமங்களில் சூரிய விளக்குகளைக் கொண்டுசேர்த்தது. அதற்காக ஹண்டேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்நிறுவனத்தின் வெற்றிக்கு மின்தகட்டின் தரத்தைவிட இரு ஏற்பாடுகளே பெரிதும் காரணம். ஒன்று, பழுது நீக்கும் ஊழியர் எட்டும் தொலைவில் சேவை மையம். மற்றொன்று, நாள்கூலி பெறுபவருக்கு நாள்கணக்கிலும், அறுவடையில் வருமானம் காண்பவருக்குப் பருவக் கணக்கிலும் தவணை அமைத்த வங்கிக் கடன். நெடுந்தீவுக்கும் இதே பாடம் பொருந்தும். பழுது நீக்கத் தெரிந்தவர் தீவிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். உள்ளூர் இளைஞர்களுக்கு அளிக்கும் பயிற்சி, திட்டத்தின் அலங்காரப் பகுதியாக இல்லாமல் அடிப்படைப் பகுதியாக அமைய வேண்டும்.

தீவு மக்களுக்கு என்ன கிடைக்கும்?

மின்கட்டணம் உடனே குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. இலங்கையில் மின்கட்டண விகிதம் நாடு முழுவதற்கும் பொதுவானது. டீசலில் அதிகச் செலவில் உற்பத்தியாகும் மின்சாரமும் பொதுக் கட்டணத்திலேயே வழங்கப்படுகிறது. எனவே டீசல் செலவு குறையும்போது முதல் மிச்சம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும். அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தீவின் மின்கல மாற்று நிதியாக ஒதுக்கிவைப்பதே தர்நாயின் கதி நேராமல் காக்கும் நேரடி வழி.

மக்களுக்கான பயன் வேறு வடிவில் வரும். மீனவருக்கு அது பனிக்கட்டி. பிடித்த மீனைக் குளிரூட்டி வைக்க வழியில்லாதவர், கரையில் கேட்ட விலைக்கே விற்க வேண்டும். பனிக்கட்டி உள்ளூரில் கிடைத்தால் விலை கூடும்வரை காத்திருக்கலாம். நெடுந்தீவின் குடும்பத் தலைவிக்கு அது குடிநீர். கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நடுப்பகலில் எஞ்சும் சூரிய மின்சாரத்தை இதற்குத் திருப்பினால், மின்கலத்தில் சேமிப்பதற்குப் பதில் தொட்டியில் நீராகச் சேமிக்கலாம். மருத்துவமனைக்கு அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கெடாமல் காக்கப்படும் தடுப்பூசி. இரவில் ஒரு பிரசவம் நிகழும்போது அணையாத விளக்கு.

இந்த வேறுபாடு முக்கியமானது. கடலோரத்தில் அமையும் எல்லா மின் திட்டங்களும் கடலோர மக்களுக்கானவை அல்ல. தெற்கே மன்னார் தீவில், தேசிய மின்தொகுப்பிற்கு மின்சாரம் அனுப்பும் காற்றாலைகளுக்கு எதிராக 2025-இல் மக்கள் போராடினர். வெள்ளநீர் வடியும் வழி, மீன்பிடி, பறவைகளின் வலசை ஆகியவை பாதிக்கப்படுவதாக அவர்கள் கூறினர். காற்று தம் ஊருடையது, மின்சாரம் வேறூருக்குப் போகிறது என்ற எண்ணம் எழுந்தால் திட்டம் வேரூன்றாது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் உற்பத்தியாகும் மின்சாரம் அங்கேயே பயன்படும் என்பது இத்திட்டத்தின் வலிமை. கோபுரங்களும் மின்தகடுகளும் எங்கு அமைய வேண்டும் என்பதில் மக்களின் சொல்லும் இடம்பெற்றால் அந்த வலிமை நிலைக்கும்.

இந்தியத் தீவுகளிலும் அதே பாதை

இந்தியாவின் தீவுகளும் டீசலிலிருந்து மெல்ல விலகிவருகின்றன. நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்எல்சி நிறுவனம், தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 8 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்புடன் அமைத்தது. லட்சத்தீவின் தலைநகர் கவரட்டியில், அத்தீவுக்கூட்டத்தின் முதல் மின்கல இணைப்புள்ள சூரிய மின் நிலையம் 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. டீசல் சார்பைக் குறைப்பதே இரண்டின் நோக்கமும்.

யாழ்ப்பாணத் தீவுகளில் உப்புக் காற்றில் எந்தத் தாங்கி எத்தனை ஆண்டு நின்றது, வாடைக் காலத்தில் மின்கலம் எத்தனை இரவு தாங்கியது, டீசல் எவ்வளவு மிச்சமானது என்பன போன்ற விவரங்கள் முறையாகப் பதிவுசெய்யப்பட்டுப் பொதுவில் வைக்கப்பட்டால், பாக் நீரிணையின் இரு கரைகளுக்கும் அது பயன்படும். வேதாரண்யத்திற்கும் தனுஷ்கோடிக்கும் தேவையான விடைகள் நெடுந்தீவில் கிடைக்கக்கூடும்.

கலப்பு மின் நிலையத்தின் உண்மையான சோதனை அதன் தொடக்க நாளில் வராது. வானம் மூடி, கடல் கொந்தளித்து, குறிகட்டுவானிலிருந்து படகு புறப்படாத மூன்றாவது நாள் இரவில் அது வரும். அன்று நெடுந்தீவு மருத்துவமனையில் விளக்கு எரிந்தால், செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு நேராகும்.